பீடத்தில் ஒரு பிள்ளை

நரபலி என்றுதான் முதலில் நம்பினேன். பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "புள்ளைய கோயில் பீடத்துல கிடத்திட்டேன் அக்கா" என்றாள். பொலிஸுக்கு அழைக்கப் போன என் விரல் தவறி மனைவியை அழைத்துவிட்டது. வரும்போது தேங்காய் வாங்கிவரச் சொன்னாள்.

"யாரு புள்ளடி?" என்றாள் அக்கா.

"பக்கத்து வீட்டு செல்வி பெத்தது. பத்து நாள்தான் ஆகுது. சனிக்கிழமை மழையில லயத்து வீடுகளுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிருச்சு. கோயில் சாவி எங்கிட்டதானே, தொறந்துவிட்டேன். உள்ள தரையெல்லாம் தண்ணி. பீடம் மட்டுந்தான் காஞ்சிருந்துச்சு."

"அவங்க மாரியம்மனக் கும்புடுறவங்கல்ல?"

"குளிரு அதெல்லாம் கேட்டுட்டா வருது?"

"பூசை வைக்கிற எடம்டி! ஃபாதர் சாவியப் புடுங்கியிருப்பாரே?"

"நானும் அப்புடித்தான் பயந்தேன். காலையில பூசைக்கு வந்தவரு பீடத்தப் பாத்தாரு."

"திட்டினாரா?"

"புள்ள தூங்குது, மெதுவாப் பேசுங்கன்னாரு. சாவி இன்னும் எங்கிட்டதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் ஒரு மேசை போட்டு நடந்திருக்கிறது.