தோளில் வந்த எண்ணிக்கை

இந்த வருசம், எழுபத்து நான்கு, ஆனி மாதக் குளிர். இரவு பதினொன்றரை. அவுஸ்திரேலியாவின் லிட்கம் ஸ்டேசனில் இறங்கி, கல்லறைகள் நிறைந்த சேமக்காலையின் வேலியோரமாக ஒருவர் தனியே நடந்து வருகிறார்... கிட்ட வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கிற கேதீஸ்வரனின் மச்சான் மகேந்திரராஜாதான் அவர். இங்கே தகர டப்பா பாக்டரியில் வேலை. முன்பு இலங்கை ராணுவத்தில் கப்டன்.

அங்கே ஒருமுறை, அரசாங்கத்துக்கு விசுவாசமில்லாத அதிகாரிகள் யார் யார் என்று மேலிடம் பட்டியல் கேட்டது. தன் வேலை போய்விடும் என்ற பயத்தில், கூட இருந்த கப்டன் ஜெயரட்ணத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். பச்சைப் பொய். சாட்சிக் கையெழுத்துப் போட்டது இன்னொரு அதிகாரி, சச்சிதானந்தன். ஜெயரட்ணத்தை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஜெயரட்ணத்தின் ஆட்களிடம் ஒரு பழக்கம். இருட்டில் காட்டுக்குள் வரிசையாகப் போகும்போது, கடைசி ஆள் தனக்கு முன்னால் போகிறவனின் தோளில் தட்டி 'ஒன்று' என்பான். அவன் அடுத்தவனைத் தட்டி 'இரண்டு'. எண்ணிக்கை முன்னால் நடக்கிற அதிகாரியிடம் வந்து சேரும். ஒன்று குறைந்தாலும் அணி நிற்கும்.

அவருடைய இடத்துக்கு வந்தவன் மந்திரி ஒருவரின் மருமகன். இந்தத் தட்டல் பகிடியை நிறுத்தச் சொன்னான். எழுபத்தொன்றில் கிளர்ச்சி. இருபது பேரோடு இரவில் காட்டுக்குள் போனான். வாலிலிருந்து ஒவ்வொருவராக... சத்தமே இல்லை. விடியத் திரும்பிப் பார்த்தான். வெறும் காடு.

இப்போது சேமக்காலை வேலியோரத்தில் மகேந்திரராஜாவுக்கு முதலில் மணந்தது நனைந்த தோல் சப்பாத்து. பிறகு துவக்குக் குழல் துடைக்கிற எண்ணெய். பின்னால் காலடி. அவர் நின்றால் அதுவும் நின்றது. தூரத்தில் 'தப்'. கொஞ்சம் கிட்ட 'தப்'. இன்னும் கிட்ட...

இடது தோளில் ஈரக் கை. காதோடு சிங்களத்தில் ஒரு குரல்: "விஸ்ஸ, சேர்."

இருபது.

ஓடிப்போய்க் கேதீஸ்வரன் வீட்டுக் குசினிக் கதிரையில் விழுந்தார். ஓவர்டைம் கூடிப்போச்சு என்று கேதீஸ் பகிடி விட்டுப் பார்த்தார். மகேந்திரராஜா ஈரமான இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த இருபது பேரும் முன்னுக்கு, அதிகாரியிட இடத்தில, என்னை விட்டிருக்கிறாங்கள், மச்சான்."

"ஜெயரட்ணத்தாருக்கு உண்மையை எழுதிப் போடன்."

"ஓம்... நாளைக்கு எழுதுறன்."

எழுதவில்லை. மறுநாள் இரவு அதே வேலியோரத்தில் செத்துக் கிடந்தார். முழங்கால் வரை காட்டுச் சேறு. அந்தக் கிழமை இங்கே மழையே இல்லை.

போன கிழமை மெல்பேர்ணிலிருந்து சச்சிதானந்தன் போன் எடுத்தார். மகேந்திரராஜா செத்தது அவருக்குத் தெரியாது.

"வேலை முடிஞ்சு நடந்து வாறன், கேதீஸ்... பின்னால தோளில ஒரு கை. மகேந்திரராஜாட குரல்தான்."

என்ன சொன்னது என்று கேதீஸ் கேட்டார்.

"இருபத்தொண்டு எண்டு."