இரண்டாவது டிஸ்க்

கிட்ட வந்து இருங்கோ. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தரும் இருக்காதேங்கோ... இது நான் கட்டின கதையில்லை. எங்கடை கோபிகான்ரை பெரியம்மான்ரை மகன், கரவெட்டியிலை கொம்பியூட்டர் திருத்துற கீர்த்திகன் இருக்கிறானெல்லே, அவனுக்குப் போன பங்குனியிலை நடந்தது.

பகல் பன்னிரண்டரை. ஓம், இரவில்லை, நல்ல உச்சி வெய்யில். கற்கோவளத்திலையிருந்து வல்லிபுரப் பக்கமா வாற றோட்டு... ரெண்டு பக்கமும் வெறும் மணல் கும்பி. ஒரு நாய்கூட இல்லை. கீர்த்திகன் மோட்டச்சைக்கிளிலை தனிய வாறான். பின் சீற்றிலை, கயிறு போட்டுக் கட்டின ஒரு பழைய கொம்பியூட்டர் பெட்டி.

டிக்... டிக்... டிக்.

எஞ்சினை நிப்பாட்டினான். சத்தம் பெட்டிக்குள்ளையிருந்துதான். ஹாட் டிஸ்க் சுத்தத் தொடங்கேக்கை வாற சத்தம் அவனுக்குத் தெரியாததே? ஆனா கரண்ட் இல்லாத பெட்டி. காதை வைச்சுப் பாத்தான்... ஒண்டுமில்லை. தகரம் வெய்யிலுக்குச் சுட்டுது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி கிருஷாந்தின்ரை. கீர்த்திகன்ரை மனுசி தனுஷா இருக்கிறாளே, அவளின்ரை முதல் புருசன். கலியாண வீடியோ எடுத்தவன். ஏழு வருசத்துக்கு முதல் டெங்கு வந்து மூண்டே நாளிலை செத்துப்போனான். மூண்டு பேரும் ஒரே ரியூசனிலை படிச்சவை. கீர்த்திகனும் அப்பவே அவளைத்தான் நினைச்சவன். வாய் திறக்க முதல் மற்றவன் திறந்திட்டான். பிறகு இவன் காத்திருந்து, காத்திருந்து, ரெண்டு வருசத்துக்கு முதல்தான் கட்டினவன்.

கட்டின நாளிலையிருந்து தனுஷா அவனிட்டை ஒண்டும் கேட்டதில்லை. முதல்முதல் கேட்டது இதைத்தான்.

"இஞ்சருங்கோ... அந்தக் கொம்பியூட்டரிலை எங்கடை படமெல்லாம் கிடக்கு. திருத்தலாமோ?"

எங்கடை. அந்த ஒரு சொல்லு அவனுக்கு நெஞ்சுக்குள்ளை முள்ளு மாதிரி.

கற்கோவளத்திலை பெட்டியைத் தந்த கிருஷாந்தின்ரை தாய் தங்கமுத்து வேறை, படலையடியிலை நிண்டு சொல்லிவிட்டவ: "கவனம் தம்பி. அவன் தன்ரை சாமானை ஒருத்தரையும் தொட விடமாட்டான்."

விடமாட்டான் எண்டுதான் சொன்னவ. செத்தவனைப் பற்றிக் கதைக்கிற மாதிரி, விட்டதில்லை எண்டு சொல்லேல்லை.

பெட்டிக்குள்ளை பழைய மதபோட், எல்லா வயரும் வந்து சேருற பலகை. ரெண்டு ஹாட் டிஸ்க். றெயிட் எண்டு சொல்லுவினம், ரெண்டையும் ஒண்டு மாதிரிச் சேர்த்து வைக்கிற முறை. ஒரு படத்தின்ரை பாதி இதிலை, மற்றப் பாதி அதிலை. ஒண்டு போனா மற்றது வெறும் இரும்பு. போட்டிலை கிடக்கிற சின்னப் பற்றரி செத்து, தன்ரை செற்றிங் எல்லாத்தையும் அந்தப் போட் மறந்துபோச்சு. டிஸ்க் ஒண்டையும் பிடிக்கேல்லை. பற்றரி மாத்தி, றெயிட்டைத் திருப்பிப் போட்டான். ஒரு டிஸ்க் வந்துது. மற்றது வரேல்லை. வயரை மாத்தி மாத்திக் குத்தினான். மூண்டு நாள்.

அந்த மூண்டு நாளும் தனுஷா தேத்தண்ணியோடை வந்து கதவடியிலை நிண்டாள். "பிடிக்குதோ?" அவன் வேலை செய்யிற அறைப் பக்கம் அதுக்கு முதல் அவள் காலே வைச்சதில்லை.

நாலாம் நாள், அவள் பாலர் பள்ளிக்குப் படிப்பிக்கப் போன நேரம், பிடிச்சுது. திரையிலை ரெண்டு டிஸ்க்கின்ரை பேரும் பச்சையிலை. கீர்த்திகனுக்கு ஒரு கணம் சந்தோசம்தான், வேலை தெரிஞ்சவனுக்கு வாற சந்தோசம். திறந்தான்.

பாத்திருக்கக் கூடாது.

ஆயிரக்கணக்கிலை படம். எல்லாம் தனுஷா. கடற்கரையிலை தனுஷா, கிணத்தடியிலை தனுஷா, மாம்பழம் வாயெல்லாம் அப்பின தனுஷா. எல்லாத்திலையும் சிரிக்கிறாள்... தலையைப் பின்னாலை எறிஞ்சு, பல்லுத் தெரிய. அந்தச் சிரிப்பை அவன் ரெண்டு வருசத்திலை ஒருக்காக்கூடக் கண்டதில்லை.

கொம்பியூட்டரை நிப்பாட்டினான். ஒரு டிஸ்க்கைக் கழட்டினான். வளவுக் கோடியிலை கொண்டுபோய்க் கல்லிலை வைச்சு, சுத்தியலாலை... தகடு வளைஞ்சு பிதுங்கும்வரை. தேசிமரத்தடியிலை தாட்டுப்போட்டுக் கை கழுவினான். பாதி இல்லாட்டி மற்றப் பாதிக்கு உயிரில்லையெல்லே.

உள்ளை வந்தா, அறையிலை ஒரு மணம். முகம் வழிச்சுப்போட்டுப் பூசுற லோஷன். கீர்த்திகன் தாடிக்காரன், அவன் உதொண்டும் பூசிறதில்லை. கிருஷாந்துதான் பூசுறவன்.

கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கு.

டிக்... டிக்... டிக்.

திரையிலை ரெண்டு டிஸ்க். ரெண்டும் பச்சை. இவன் குனிஞ்சு பெட்டிக்குள்ளை பாத்தான். ஒரு டிஸ்க் இருந்த இடம் வெறுமை. வயர் அந்தரத்திலை தொங்குது. பிளக்கைப் பிடுங்கினான். நிண்டுது. வெளியாலை போய், கிணத்துக்கட்டிலை எவ்வளவு நேரம் இருந்தானோ தெரியாது.

திடீரெண்டு வீட்டுக்குள்ளை சிரிப்பு. தலையைப் பின்னாலை எறிஞ்சு சிரிக்கிற சிரிப்பு.

ஓடிப்போனான். பள்ளியாலை வந்த தனுஷா, பிளக்கைத் திரும்பக் குத்திப்போட்டுத் திரைக்கு முன்னாலை இருக்கிறாள். கண்ணாலை தண்ணி ஓடுது. எழும்பி வந்து அவனைக் கட்டிப்பிடிச்சாள். "திருத்திப்போட்டியள்! எனக்கேன் சொல்லேல்லை?"

கட்டினதுக்குப் பிறகு அவளாக் கட்டிப்பிடிச்சது அதுதான் முதல். அவன் என்னெண்டு உண்மையைச் சொல்லுறது? அவளின்ரை தோளுக்கு மேலாலை, அந்த லோஷன் மணம்...

அதுக்குப் பிறகு தனுஷா நல்ல சந்தோசம். வடிவாச் சமைப்பாள், பாட்டும் முணுமுணுப்பாள். பின்னேரமானா அந்தத் திரைக்கு முன்னாலைதான். அவனுக்கு வயிறு எரியும். ஆனா பெட்டியைத் தொடப் பயம். எரிச்சல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், சாப்பாடு இறங்காது. ஆள் பாதியாப் போனான். தேசிமரத்தடியைக் கிண்டியும் பாத்தான். நசுங்கின டிஸ்க் அப்பிடியே கிடக்கு.

ஒரு கிழமை போச்சு. ஒருநாள் பின்னேரம் தனுஷா கூப்பிட்டாள்.

"இஞ்சை ஒருக்கா வாங்கோ. இந்தப் படம் எப்ப எடுத்தது எண்டு எனக்கு விளங்கேல்லை."

போய்ப் பாத்தான். தனுஷா நித்திரை. போன தீபாவளிக்குக் கீர்த்திகன் வாங்கிக் குடுத்த மஞ்சள் சட்டை. அவையின்ரை அறை, அவையின்ரை கட்டில். நித்திரையிலையும் சிரிக்கிறாள். தலகாணி உயரத்திலை, சரியாக் கீர்த்திகன் தலை வைக்கிற பக்கத்திலையிருந்து எடுத்த படம்.

"நீங்களோ எடுத்தனீங்கள்?" எண்டு கேட்டாள், வெக்கப்பட்டுக்கொண்டு.

அவன் கீழை திகதியைப் பாத்தான். முதல்நாள் இரவு, ரெண்டே கால்.

அந்த முதல்நாள் இரவு முழுக்க, ரெண்டே காலுக்கும், அவன் நித்திரை கொள்ளேல்லை. அந்தத் தலகாணியிலைதான், அவளைப் பாத்தபடி, வெறுங்கையோடை படுத்திருந்தவன்.