பிளாஸ்டிக் பிரிக்காத மெத்தை

ரிங்லெட்டில் பஸ் ஏறிய இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் சொன்னாள்:

"நேத்து வரைக்கும் எங்க லைன் வீட்டுல புது மெத்தைங்கதான் கட்டில்ல படுத்துச்சு. வேலைக்கு வந்த பங்களாதேஷ் பையனுங்க தரையில."

"ஏன்க்கா?"

"லேபர் ஆபீசர் வந்து பாக்குறவரைக்கும் பிளாஸ்டிக்க பிரிக்கக் கூடாதுன்னு தோட்டத்துக் கணக்கு பாக்குற கிராணி சொல்லிட்டாரு. புதுசா தெரியணுமாம் லா."

"ஆபீசர் வந்தாரா?"

"நேத்து வந்தாரு. 'நீ எங்க படுக்கிற?'ன்னு ஒருத்தன கேட்டாரு. அவன் வெள்ளந்தியா தரைய காட்டிட்டான்!"

"ஐயோ! அப்புறம்?"

"ஆபீசரே நின்னு எல்லா பிளாஸ்டிக்கையும் கிழிக்க வெச்சாரு. கிராணி மூஞ்சிய பாக்கணுமே!"

"அவருக்கு நல்லா வேணும்."

"அது மட்டுமா? இன்னைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஒரு பையனும் வரல. கிராணிதான் கட்டில் கட்டிலா போயி தட்டி எழுப்புனாரு."