வெள்ளைத் தூளும் விரல் நுனியும்

அறிவாலயமாம் இப்பாடசாலையின் அச்சாணியாய் அமர்ந்திருக்கும் அதிபர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளின் தலைமயிரில் ஒட்டிய பச்சைப் பசையைத் தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போன தாய்மார்களே! எல்லோர் மீதும் இறைவனின் சாந்தியும் சமாதானமும் பொழியட்டும். வந்திருக்கும் இந்துப் பெற்றோருக்கு என் வணக்கமும் சேரட்டும்!

தாய்மார் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! போன மாதம் என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஷாம்பூ போத்தல் காலி; கம் போத்தல் காலி; உட்காரும் கதிரையெல்லாம் பிசுபிசுப்பு. தரம் இரண்டில் படிக்கும் என் மகள் நஸ்ஹா, "ஸ்கூல்ல ஸ்லைம் செய்யப் படிச்சித் தந்தாங்க வாப்பா" என்றாள். படிப்பா இது? பாடமா இது? பசை பிசையவா பாடசாலை? அந்த வகுப்பை நிறுத்துவதா, நடத்துவதா என்று முடிவெடுக்கத்தானே இன்று கூடியிருக்கிறோம்!

சந்தேகம் என் கூடப்பிறந்தது, சபையோரே! மீன் வாங்கினால் செவுளைத் திறப்பேன். தராசைக் கண்டால் தட்டின் அடியைத் தடவுவேன். ஆகவே அந்த வகுப்பை நடத்தும் ஷஃபீனா டீச்சரைக் கையும் களவுமாகப் பிடிக்க, சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் நுழைந்தேன்.

என்ன கண்டேன்? மேசையில் கம், கிண்ணம், சுடுதண்ணீர். பக்கத்தில் பெயரில்லாத பையில் வெள்ளைத் தூள்!

"இது என்ன டீச்சர்?"

"வெங்காரம், போராக்ஸெண்டும் சொல்லுவாங்க. தண்ணில கரைச்சிக் கம்மோட சேர்த்தா, ஓடுறது இழுபடுற பசையா மாறும். ஏன் மாறுதெண்டு பிள்ளைகள் யோசிக்கணும்."

"பையில பேர் எங்க?"

அவர் பதில் சொல்லுமுன், நஸ்ஹாவின் விரல் தூளைத் தொட்டது. நாக்கை நோக்கிப் போனது. டீச்சர் பாய்ந்து கையைப் பிடித்தார். "இது நஞ்சு, வாயில வெக்கக் கூடாதெண்டு சொன்னேனே, மகள்!"

பிள்ளை அழுதபடி என்னைக் காட்டினாள். "வெள்ளையா இருந்தா நாக்குல வெச்சிப் பாருங்கெண்டு வாப்பாதானே சொன்னீங்க!"

ஓம், சபையோரே, நான்தான் சொன்னேன்! உப்பளத்துக்காரன் நான். உப்பில் கசப்புப் போயிற்றா என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை மகளுக்கும் பெருமையோடு பழக்கினேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் என்னைச் சந்தேகப்படவில்லையே!

பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அப்ப டீச்சர்ல பிழையே இல்லையா?" இருக்கிறது! பெயரில்லாத பை பிழை. பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது பிழை. அவரே ஒப்புக்கொண்டார். இனித் தூளை அவரே கரைப்பார். பையில் பெயரும் இருக்கும். நான் போய்ப் பார்த்தேன், எழுதியிருக்கிறது. இரண்டு தரம் பார்த்தேன்!

வகுப்பை நிறுத்தினால் ஆசை நிற்குமா? கதவடைத்த அறையில், கண் காணாமல் செய்வார்களே! வெளுத்ததெல்லாம் பாலா? வெளுத்ததெல்லாம் உப்பா? இதைக் கேட்கப் பிள்ளைக்கு யார் பழக்குவது? கேட்கட்டும் பிள்ளைகள்! கடைக்காரரைக் கேட்கட்டும்! டீச்சரைக் கேட்கட்டும்! எல்லோருக்கும் முன்னே, பெற்ற எங்களைக் கேட்கட்டும்!

வகுப்பு நடக்கட்டும் என்று முதல் கையைத் தூக்குகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, அதிபர் அவர்களே! அந்த வகுப்பில் எனக்கும் ஒரு கதிரை வேண்டும். டீச்சரை நம்பாமல் அல்ல, என்னை நம்பாமல்!

பொறுமையாய்ச் செவிமடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. சாந்தியோடு வீடு சேருங்கள். வஸ்ஸலாம், வணக்கம்!