அணைந்துகொண்டே இருந்த அடுப்பு

ஆவுடைத்தாய்: ஊதாதீங்க மாமி! ஊத ஊதப் புகைதான் வரும். கண்ணு ரெண்டும் மிளகாப்பழமா ஆயிட்டு, பாருங்க.

விஜயலக்ஷ்மி: ஊதாம என்ன பண்றது? ஆற்றுக்கால் அம்மா கோயில்ல பத்தின தீ, அடுப்பு அடுப்பா கை மாறி, பழவங்காடி தாண்டி, உங்க அடுப்பு வரைக்கும் வந்துடுத்து. எங்கிட்ட வந்து நின்னுபோச்சே!

ஆவுடைத்தாய்: தீ எங்க நின்னுது? உங்க ஓலைதான் குளிச்சிட்டு வந்திருக்கு.

விஜயலக்ஷ்மி: தண்ணி லாரிப் பக்கத்துல ஓலைக்கட்டை வெச்சேன். குழாய் பிச்சுண்டு... தொப்பமா நனைஞ்சுடுத்து. விறகும் அதே கதை.

ஆவுடைத்தாய்: நவுருங்க. நான் பாக்கேன்.

விஜயலக்ஷ்மி: வேண்டாம், உங்க பானை...

ஆவுடைத்தாய்: என் தீ சொன்ன பேச்சு கேக்கும். திரும்பிப் பாக்கவே வேண்டாம். ஆவுடைத்தாய்னு பேரு. நவுருங்க மாமி.

விஜயலக்ஷ்மி: என் பேர் விஜயலக்ஷ்மி. இங்கேதான், கோட்டைக்குள்ள அக்ரஹாரம்... ஐயோ, எல்லாத்தையும் ஏன் வெளியில எடுக்கறேள்?

ஆவுடைத்தாய்: மூணு கல்லு வச்சீங்க, சரி. நடுவுல என்ன வச்சீங்க?

விஜயலக்ஷ்மி: நடுவுல... தரைதான்.

ஆவுடைத்தாய்: விடியக்காலம் பெஞ்ச மழையைக் குடிச்சிட்டுக் கிடக்க தரை! தீயோட காலு சில்லிட்டுப் போவாதா? இந்தா, ஓட்டுத் துண்டு. இதைப் பரப்பிக்கிட்டு, அதுக்கு மேலதான் மத்ததெல்லாம்.

விஜயலக்ஷ்மி: உடைஞ்ச ஓட்டைப் பையில போட்டுண்டா வந்தேள்?

ஆவுடைத்தாய்: ஆற்றுக்கால் பொங்கலைன்னு தெருவுல அடுப்பு கூட்ட வாறவ அரிசியை மறந்தாக்கூட பக்கத்து அடுப்புல கடன் வாங்கலாம். ஓட்டை யாரு தருவா?

விஜயலக்ஷ்மி: இது என்ன, கிழிஞ்ச சல்லடை மாதிரி?

ஆவுடைத்தாய்: பன்னாடை. தென்னை மட்டைக்கு அடியில சுத்தியிருக்கும்லா.

விஜயலக்ஷ்மி: எங்காத்துக்காரர் என்னைத் திட்டறதுக்குன்னு தனியா வெச்சிண்டிருக்கற வார்த்தை அது.

ஆவுடைத்தாய்: விவரம் தெரியாம திட்டியிருக்காரு. இதைக் கசக்கிப் பஞ்சாக்கினா, பொறியைக் காட்டின உடனே புடிச்சிக்கிடும். இனிமே பன்னாடைன்னா, 'ஆமா, நான் இல்லாம உங்க வீட்டுல அடுப்பு எரியாது'ன்னு சொல்லுங்க.

விஜயலக்ஷ்மி: சொல்லட்டுமா? இன்னிக்கே சொல்றேன்!

ஆவுடைத்தாய்: அதுக்கு மேல இது. தேங்காச் சிரட்டைக்குள்ள இருக்குல்லா, அதுதான்.

விஜயலக்ஷ்மி: கொழுக்கட்டை மாதிரின்னா இருக்கு.

ஆவுடைத்தாய்: தீக்கொழுக்கட்டைன்னுதான் எங்க வீட்டுல சொல்லுவோம். எரிஞ்சு மிஞ்சின மெழுகுவர்த்திக் கட்டையெல்லாம் உருக்கி, தேங்கா நார்த் தும்பை அதுல முக்கி, சிரட்டையில அமுக்கி ஆறவிடணும். மழையில நனைஞ்சாலும் இது நின்னு எரியும்.

விஜயலக்ஷ்மி: பேஷ்! எங்காத்துல ஹோமம்னா, கிண்ணம் கிண்ணமா நெய்யை விட்டுன்னா பத்த வெப்பார்.

ஆவுடைத்தாய்: நெய்யிருந்தா யாரு வேணும்னாலும் பத்த வைக்கலாம் மாமி. அந்த விறகை இப்படித் தாங்க.

விஜயலக்ஷ்மி: அது சொட்டச் சொட்ட...

ஆவுடைத்தாய்: ஈரமெல்லாம் தோலுலதான். உள்ள காய்ஞ்சிதான் கிடக்கும். பொளந்து, உள்பக்கத்தைச் சீவணும். சீவல் உதிரக் கூடாது, விறகுலயே ஒட்டிக்கிட்டு நிக்கணும். இப்படி... இப்படி...

விஜயலக்ஷ்மி: அம்மாடி! தாழம்பூ மாதிரி விரியறதே! கட்டையிலேர்ந்து பூ எடுக்கறேளே நீங்கோ. இதெல்லாம் எங்கே பழகினேள்?

ஆவுடைத்தாய்: யாரு வீட்டுலயாவது கான்கிரீட் போடுத அன்னைக்கு, வேலைக்காரங்க அத்தனை பேருக்கும் நான்தான் அங்கனயே சோறு பொங்கணும். நாள் பாத்தா மழை பெய்யுது? இன்னொரு சாமான்கூட பையில இருக்கு. அதை எடுத்தேன்னு வைங்க, ஈரமாவது மண்ணாவது!

விஜயலக்ஷ்மி: எடுங்கோளேன்!

ஆவுடைத்தாய்: பொறவு காட்டுதேன். இப்ப என் அடுப்புல இருந்து ஒரு கொள்ளி... காட்டுங்க. கீழ காட்டுங்க, மேல இல்ல. காத்து வாற பக்கத்தைத் தொறந்து விடுங்க. ம்...

விஜயலக்ஷ்மி: பிடிச்சுடுத்து! ஷீஜா, பாத்தியா? பிடிச்சுடுத்து!

ஷீஜா: கண்டேன் மாமி, கேட்லேர்ந்தே கண்டேன். ஆவுடைச் சேச்சி கையாக்கும். வருஷா வருஷம் எங்க வீட்டு வாசல்ல இந்தச் சேச்சி வெக்கற அடுப்பு மாதிரி வேற ஒண்ணும் நின்னு எரியாது. கை கழுவ வெள்ளம் வேணுமா? மூக்கு வெச்ச கிண்டிச் செம்புல நெறைச்சு வெக்கறேன்.

விஜயலக்ஷ்மி: வெச்சுட்டுப் போம்மா. நன்னா இரு.

ஆவுடைத்தாய்: அரிசியைப் போடுங்க மாமி. கண்ணுல தண்ணி நிக்குதே... புகையா?

விஜயலக்ஷ்மி: புகை மட்டும் இல்லை. இந்தப் பானை பொங்கியாகணும். நிவேத்தியத்துக்குத் தீர்த்தம் தெளிக்கப் பூசாரி வரதுக்குள்ள பொங்கியே ஆகணும். ஒரு காரியத்தை இது தலையிலே கட்டிட்டு உக்காந்திருக்கேன்.

ஆவுடைத்தாய்: வேண்டுதலா?

விஜயலக்ஷ்மி: என் பிள்ளை சுமந்த். கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை. கூட வேலை பாக்கற பொண்ணைத்தான் கல்யாணம் பண்ணிப்பானாம். நம்மடவா இல்லை. அவ அம்மா அங்கேயே மெஸ்ஸு நடத்தறாளாம்.

ஆவுடைத்தாய்: கழக்கூட்டத்துல... மெஸ்ஸா?

விஜயலக்ஷ்மி: ஆமாம். பானை பொங்கினா இந்தச் சம்பந்தம் விட்டுப் போயிடணும், பொங்கலைன்னா வாயை மூடிண்டு சரின்னுடறேன். அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்... என்ன, விறகைக் கீழே போட்டுட்டேள்?

ஆவுடைத்தாய்: ஒண்ணுமில்ல. புகை. பையன் எப்படி... அந்தப் பொண்ணைப் புடிச்சானாம்?

விஜயலக்ஷ்மி: அதையேன் கேக்கறேள்! ஆபீஸ்ல எல்லாரும் விதுரா பக்கம் ஆத்தங்கரையில கூடாரம் போடப் போனாளாம். ஒரே மழை. தீப்பெட்டியிலேர்ந்து விறகு வரைக்கும் எல்லாம் ஊறிப்போச்சாம். வீடியோ பாத்துப் படிச்சவாளெல்லாம் கல்லையும் கட்டையையும் தேய்ச்சுண்டு உக்காந்திருக்க, இவ எவன்கிட்டயோ ஒரு லைட்டரை வாங்கி, பையிலேர்ந்து ஏத்தங்காய் சிப்ஸை எடுத்துக் கொளுத்தினாளாம். குபுகுபுன்னு எரிஞ்சுதாம். அந்த வெளிச்சத்துல எம் பிள்ளை அவ முகத்தைப் பாத்தானாம்... போச்சு. திங்கற பண்டத்தைக் கொளுத்தறவ எங்காத்துக்கு மருமகளா?

ஆவுடைத்தாய்: எண்ணெயில ஊறின சிப்ஸுலா மாமி. எரியத்தான் செய்யும்.

விஜயலக்ஷ்மி: எரியட்டும். அதுக்காக... ஆமாம், பையில என்னமோ சாமான்னேளே, அது என்ன?

ஆவுடைத்தாய்: அது... கொண்டு வரலை.

விஜயலக்ஷ்மி: இப்போதானே இருக்குன்னேள்!

ஆவுடைத்தாய்: இருக்குன்னு நினைச்சேன். இல்ல... மாமி, உங்க தீ அணைஞ்சிட்டு.

விஜயலக்ஷ்மி: ஐயய்யோ!

ஆவுடைத்தாய்: பதறாதீங்க. பெரிய கட்டையை அவசரப்பட்டு உள்ள தள்ளிட்டீங்க, அதான். பொங்கணும்ங்கீங்க. அப்படித்தானே?

விஜயலக்ஷ்மி: பொங்கணும்.

ஆவுடைத்தாய்: சரி. பொங்க வைக்கேன்.

விஜயலக்ஷ்மி: ஏன் இத்தனை வேகமா சீவறேள்? கையை அறுத்துக்கப் போறேள்.

ஆவுடைத்தாய்: வேண்டாம்னு நினைக்க வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு ஏன் வந்து நிக்கணும்? அவளுக்கும் தாய் தகப்பன் இருப்பாவல்லா. பொங்கட்டும். நல்லாப் பொங்கட்டும். இந்தா, ரெண்டாவது தீக்கொழுக்கட்டை.

விஜயலக்ஷ்மி: கோவமா இருக்காப்போல இருக்கே.

ஆவுடைத்தாய்: எனக்கென்ன கோவம்? பொண்ணு மேல என்ன குத்தம், அதை மட்டும் சொல்லுங்க.

விஜயலக்ஷ்மி: குத்தம் ஒண்ணும் இல்லை. அதான் கஷ்டம். இருந்தா அதைச் சொல்லிண்டு நிம்மதியா இருப்பேன்.

ஆவுடைத்தாய்: பொறவு?

விஜயலக்ஷ்மி: இப்பவே ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு அந்த மெஸ்ஸுலதான். ஆத்துல நானும் அவரும் எதிரும் புதிருமா உக்காந்துண்டு மோர்சாதம் சாப்பிடறோம். கல்யாணமும் ஆச்சுன்னா அவன் அந்த ஆத்துப் பிள்ளையாவே ஆயிடுவான். என் கையால சாப்பிட்டதே மறந்துபோயிடும்... ஜாதி, குலம்னு வாய் பேசறது. உள்ளே இருக்கறது இதுதான்.

ஆவுடைத்தாய்: ...இந்தா, புடிச்சிட்டு. விசிறுங்க. மெதுவா.

விஜயலக்ஷ்மி: என்ன அழகா ஏறறது! மயில் தோகை மாதிரின்னா... உங்க கையில என்னமோ இருக்கு.

ஆவுடைத்தாய்: மாமி, ஒண்ணு சொல்லுதேன். எனக்குத் தெரிஞ்ச மெஸ்ஸு ஒண்ணு இருக்கு. அங்கன ஒரு பையன் ராத்திரி சாப்பிட வருவான். தெனமும் ரசத்தை ஊத்தினதும், 'எங்கம்மா ரசம் இப்படி இருக்காது'ம்பான். பருப்புத் தண்ணியை எப்ப விடணும், பெருங்காயம் எவ்வளவுன்னு அந்த மெஸ்ஸுக்காரிக்கே பாடம் எடுப்பான். அவ புருஷன் 'இவனுக்குக் கரண்டியைக் குடுத்துரு, நாம வெளியில உக்காருவோம்'னு சிரிப்பாரு. மெஸ்ஸுல திங்க பிள்ளைக எதையும் மறக்காது மாமி. ஒவ்வொரு வாய்க்கும் அம்மாவைச் சொல்லிக்கிட்டேதான் திங்கும்.

விஜயலக்ஷ்மி: அந்தப் பையன்... பெருங்காயத்தைப் பத்திக்கூடச் சொல்வானா?

ஆவுடைத்தாய்: கட்டிப் பெருங்காயம்தான் போடணுமாம். பொடி ஆவாதாம். இருங்க, என் பானை பொங்குது. ஏ, பொங்கிட்டு! குரவை போடுங்க மாமி!

விஜயலக்ஷ்மி: போட்டாச்சு, போட்டாச்சு... உங்களுக்கு ஒரு குறையும் வராது.

ஆவுடைத்தாய்: இந்தா வந்துட்டேன். உங்களுது எப்படி... என்ன இது? திரும்ப அணைஞ்சி கிடக்கு!

விஜயலக்ஷ்மி: காத்து.

ஆவுடைத்தாய்: காத்தா? முந்தானை அசையலை, எங்கன இருந்து வந்துது காத்து? என் கையில இப்படி ஆனதே இல்ல மாமி. கல்லுமழை பெய்யும்போதே சாம்பார் எறக்கினவ நான்.

விஜயலக்ஷ்மி: போறது, விடுங்கோ. அம்மா சித்தம் அதுதான்னா...

ஆவுடைத்தாய்: விடுததா? பாதியில விட்டா, என் கை சரியில்லாமத்தான் பொங்கலைன்னு ஆவும். ஷீஜா, உங்கிட்ட காய்ஞ்ச தென்னம்பாளைக் கொதும்பு ஏதும் இருக்கா?

ஷீஜா: தென்னையே இல்லையே சேச்சி, எங்கேர்ந்து கொதும்பு? எல்லாம் டைல்ஸ் போட்டாச்சு. மாமீ, கிண்டி காலியாச்சா, இத்தனை சீக்கிரமா?

விஜயலக்ஷ்மி: கை கழுவினேன்.

ஷீஜா: ஆனா, கை முழுசும் கரியா இருக்கே மாமி!

விஜயலக்ஷ்மி: நீ நெறைச்சு வெய்டிம்மா. கேள்வி அப்புறம் கேளு.

ஆவுடைத்தாய்: கொழுக்கட்டையும் தீந்துபோச்சு, பன்னாடையும் தீந்துபோச்சு. அப்ப... வேற வழியே இல்ல.

விஜயலக்ஷ்மி: ஏன் பையையே பாத்துண்டு நிக்கறேள்? எடுங்கோ.

ஆவுடைத்தாய்: எடுக்கத்தான் போறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க.

விஜயலக்ஷ்மி: என்னத்துக்குத் திரும்பணும்? அது என்ன பொட்டலம்?

ஆவுடைத்தாய்: பாக்காதீங்கன்னா பாக்காதீங்க.

விஜயலக்ஷ்மி: மஞ்சளா வட்ட வட்டமா...

ஆவுடைத்தாய்: நமத்துப் போன ஏத்தங்காய் சிப்ஸ். திங்க ஆவாது. கூரை மாதிரி சாய்ச்சு அடுக்கி, அடியில கொள்ளியைக் காட்டினா... ஊருல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச வித்தைதான். அதுல ஒண்ணும் பெருசா இல்ல.

விஜயலக்ஷ்மி: ஆமாம்... பாதிப் பேருக்குத் தெரியும் போல இருக்கு.

ஆவுடைத்தாய்: அப்படிப் பாக்காதீங்க. எரியுதா இல்லையா?

விஜயலக்ஷ்மி: எரியறது. அவன் சொன்னது சரிதான். முகமெல்லாம் வெளிச்சமா அடிக்கறது.

ஆவுடைத்தாய்: நுரை ஏறுது, பாருங்க. இன்னும் கொஞ்சோலதான். ஷீஜா, தீர்த்தம் தெளிக்க வந்துட்டாவளா?

ஷீஜா: முக்குல வந்தாச்சு சேச்சி! பூசாரியோட வெள்ளை முண்டு தெரியுது. இதோ, இங்கே நின்னு பாருங்க.

ஆவுடைத்தாய்: எங்கன? ஆமா, அந்தா வாறாவ. மாமி, தயாராவுங்க, இப்பப் பொங்கிரும்... புஸ்ஸுன்னு என்ன சத்தம் அது?

விஜயலக்ஷ்மி: ஒண்ணும் இல்லையே.

ஆவுடைத்தாய்: ஒண்ணும் இல்லையா? விளிம்பு வரைக்கும் வந்த நுரை எறங்கிட்டே! சாம்பல்ல தண்ணி நிக்கு. மாமி, உங்க கையை நீட்டுங்க.

விஜயலக்ஷ்மி: வேர்வை.

ஆவுடைத்தாய்: முழங்கையில இருந்து சொட்டுதே, அதுவா வேர்வை? கிண்டி எங்க?

ஷீஜா: மாமியோட முதுகுக்குப் பின்னால இருக்கு சேச்சி. திரும்பவும் காலி.

ஆவுடைத்தாய்: நீங்களா? பொங்கணும் பொங்கணும்னு என்னைய இந்தப் பாடு படுத்திட்டு... நீங்களேயா?

விஜயலக்ஷ்மி: முதல் தரம் சத்தியமா கட்டை ஈரம். அப்புறம் கட்டிப் பெருங்காயம்னேளே... கிண்டி தானா சாய்ஞ்சுடுத்து.

ஆவுடைத்தாய்: இப்ப?

விஜயலக்ஷ்மி: இப்போ தெரிஞ்சேதான் ஊத்தினேன். சிப்ஸைப் பாத்தப்புறம் கை நிக்கலை. சிப்ஸைக் கொளுத்தின பேச்சிக்கு அம்மா வேற யாரா இருக்க முடியும்?

ஆவுடைத்தாய்: ...அவ பேரு தெரியுமா உங்களுக்கு?

விஜயலக்ஷ்மி: தெரியும். இன்னிவரைக்கும் வாயால சொன்னதில்லை.

ஆவுடைத்தாய்: நான் இரக்கப்பட்டு உங்களுக்கு எரிச்சேன்னு நினைச்சிராதீங்க. வீம்பு. வேண்டாம்னு சொல்லுத வீட்டுக்கு எம் மவளை அனுப்பவே கூடாதுன்னுதான் அப்படி எரிச்சேன்.

விஜயலக்ஷ்மி: தெரியறது. அந்த வீம்பு ஜெயிச்சுடுமோன்னுதான் கிண்டியைத் தூக்கினேன்.

ஆவுடைத்தாய்: இப்ப என்ன செய்ய? தீர்த்தம் தெளிக்க வந்துட்டாவ. அரைவேக்காட்டுச் சோத்தை வச்சிக்கிட்டு அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

விஜயலக்ஷ்மி: அம்மாகிட்ட வேண்டுதலை மாத்திச் சொல்லியாச்சு, இனி பொங்கினா கல்யாணம். ஷீஜா, இந்தக் கிண்டியை உள்ளே கொண்டுபோய் வெய், நான் கேட்டாலும் தராதே. உங்க அடுப்புலேர்ந்து இன்னொரு கொள்ளி எடுங்கோ. மிச்சம் இருக்கற சிப்ஸையெல்லாம் போடுங்கோ, சம்பந்தி. இப்போ பொங்கட்டும்.