மாடி போர்ஷன் காலி

...இல்லம்மா, நீயே சொல்லு, இது வீடா, இட்லிக் கொப்பரையா? மாடியேறி வரச்சே உனக்கே வேர்த்துக் கொட்டறது பாரு. ஃபேனா? ஓடிண்டுதான் இருக்கு... காத்துதான் வரல்லே.

எல்லாம் என் தம்பி பிள்ளை ஸ்ரீநாத் பண்ணின வேலை. வீடு கட்டற படிப்பு படிச்சிருக்கானாம்! "காமாக்ஷி அத்தை, செலவும் கம்மி, கரண்டு பில்லும் கம்மி, ஃபேனே போட வேண்டாம்"னான். வாயைப் பொளந்துண்டு கேட்டோம். வெளிச் சுவருக்குப் பூச்சே வேண்டாம்னான். செங்கல் பல்லைக் காட்டிண்டு நிக்கறது. எதிராத்து ஜைதூன் பீ, "மாமி, வூடு எப்போ கட்டி முடிப்பீங்க?"ங்கறா. நாங்க குடிவந்து ரெண்டு வருஷமாச்சு! மேல காங்க்ரீட்டுக்கு நடுவுல பழைய ஓடெல்லாம் சொருகினான். சூடு இறங்காதாம்... ஹூம்!

எங்காத்து மாமா இருக்காரே, டிபன் ஆன கையோட தேனாம்பேட்டைல ஒரு பேங்குக்குப் போய் ஏசியில உக்காந்துண்டுடறார். வேலையா? ஒரு வேலையும் கிடையாது! வாட்ச்மேன் இவருக்குன்னு சேர் போட்டு வெக்கறானாம். மாடிக்கு ஆள் வரல்லேன்னா இந்த மாசமே வீட்டை வித்துட்டு மாம்பலத்துல ஒத்தை ரூமுக்குப் போயிடலாம்கறார். வந்தவாள்ளாம் எட்டிப் பாத்துட்டு ஓடிடறா. நீ நல்ல பொண்ணா இருக்கே, குடும்பத்தோட நீ வந்தா...

என்ன, இந்தச் சுவரா? அதையேன் கேக்கறே! ஆள் உசரத்துக்கு ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டிட்டான். சமுத்திரக் காத்து இது வழியாத்தான் உள்ள வருமாம். எனக்குப் பாத்தவுடனே தோணிடுத்து. ஒவ்வொண்ணும் கச்சிதமா ஒரு பொம்மை அளவு! கொலுப்படியே கட்ட வேண்டாம். செட்டியார், கல்யாண செட், தசாவதாரம்... எல்லாரையும் ஏத்திட்டேன். காத்துல ஆடித்துன்னு பின்னாடி அட்டை வெச்சு ஒட்டிட்டேன். நவராத்திரி முடிஞ்சும் எடுக்க மனசு வரல்லே. எத்தனை அழகு, பாரேன்!

ஐயய்யோ, தொடாதே! இரு, நானே எடுக்கறேன். செட்டியாரை மட்டும்... இந்த அட்டையையும்... அப்பப்பா! என்ன காத்தும்மா! ஜில்லுனு... கண்ணு சொக்கறது... போறும், போறும், பக்கத்துல செட்டியாரம்மா ஆடறா. அடைச்சுடறேன்.

என்ன சொல்றே? இதையெல்லாம் எடுத்துட்டா நாளைக்கே பாலைக் காய்ச்சிடறியா? அதெப்படிம்மா? ஏன், அதுக்குள்ள படியிறங்கிட்டியே! காபி... ஏம்மா, நியாயத்தைச் சொல்லு! நீங்க நாலே பேர். அவா எத்தனை பேர்! முன்னாடியே குடிவந்துட்டவாளைக் காலி பண்ணச் சொல்ல முடியுமோ?