தபசு காலத்துப் பனிச்சறுக்கு

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். என் முன் சீட்டில் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு தொங்க இரண்டு கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் மச்சான், மற்றவர் அவர் தங்கை புருஷன்.

"முந்தாநாள் டெண்ட் கொட்டகைக்குப் போனேன் மாப்ள. ஆனா படம் பாக்கல" என்றார் மச்சான்.

"நோன்பிருக்கிற தபசு காலத்துல கொட்டகைக்கா? பாஸ்கா திருநாள் வரைக்கும் சினிமா கூடாதுன்னு கோயில்ல சாமியார் படிச்சுப் படிச்சு சொன்னாரே!"

"சினிமாவா பாத்தேன்? முன்னால போடுற நியூஸ் ரீலைப் பாத்தேன். சீமையில பனி விளையாட்டுப் போட்டி. அது முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துட்டேன்."

"பனியில என்ன மச்சான் விளையாட்டு?"

"கால்ல ரெண்டு நீளப் பலகையைக் கட்டிக்கிட்டு மலை உச்சியிலேருந்து சறுக்கி வரான். பாதியில மலையே இல்ல! அந்தரத்துல பறக்கறான். செட்டிகுளம் மலையிலேருந்து தாவி அடிவாரத்துக் கொல்லையில வந்து நின்னாப்ல!"

அவர் எழுந்து கைகளை விரித்துக் காட்டினார். கண்டக்டர் உட்காரச் சொன்னார்.

"பொம்பளைங்க ஐஸ் மேல பம்பரமா சுத்துறாங்க. நாலு பேரு தொட்டி மாதிரி ஒண்ணுல உக்காந்து ஐஸ் வாய்க்கால்ல வழுக்கி வரானுவ. ஆனா எனக்குப் புடிச்சது தாவுறவன்தான். வெள்ளிக்கிழமை ரீலை மாத்திடுவாங்க. இன்னிக்கு வரியா?"

"பாவம் இல்லையா மச்சான்?"

"எனக்கும் உறுத்துச்சு. நேத்து கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்."

"பாவத்துக்குப் பரிகாரமா சாமியார் என்ன அபராதம் குடுத்தாரு?"

"அபராதம் குடுக்க மறந்துட்டாரு. தாவுனவன் விழாம நின்னானான்னு ரெண்டு தரம் கேட்டாரு."